பாடலின் இஸ்னாத்: இணையப் பகிர்வும் வடசென்னைப் பாடகரின் கூலியும்

இராயபுரத்தில் அடக்கமாகியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்கள் (1792–1838) தம் பாடல்களை விலைக்குத் தந்தவர் அல்லர். தொண்டிக்கு அண்மையிலுள்ள குணங்குடியில் சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயரோடு பிறந்த அவர்கள், உடைமைகளைத் துறந்து பல ஊர்களிலும் அலைந்து, இறுதியில் வடசென்னையில் தங்கினார்கள். தொண்டியாரான அவர்கள் வாழ்ந்தமையாலேயே தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர்களுடைய கண்ணிகளும் கீர்த்தனைகளும் சமய வேறுபாடு பாராது சூழ்ந்திருந்த மாணாக்கர் வாயிலாகவும் பக்கீர்கள் வாயிலாகவும் பரவின. கேட்டவர் பாடினார், பாடியவரிடமிருந்து மற்றொருவர் கற்றார். இன்று பாட்டாளிக் குடியிருப்புகளில் வழங்கும் கானாப் பாடல் மரபுக்கு இச்சூஃபிப் பாடல்களும் சித்தர் பாடல்களும் ஊற்றுக்கண்கள் எனக் கருதுவோரும் உளர். இவ்வாறு நோக்கினால், 'பகிர்வு' என்று இணைய உலகம் இன்று பெருமையோடு வழங்கும் செயல் வடசென்னைக்குப் புதியதன்று.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மஸ்தான் சாகிபு அவர்கள் தம் ஊரான குணங்குடியின் பெயரைப் பாடலுக்குள்ளேயே பதித்துவைத்தார்கள். பாடல் எங்குச் சென்றாலும் பாடியவரின் அடையாளம் அதனோடு சென்றது. இன்றைய பகிர்வில் பாடல் மட்டும் செல்கிறது. பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது. பெயரோடு சேர்ந்து கூலியும் உதிர்கிறது. இவ்விழப்பே நம் கட்டுரையின் பொருள்.

இணையத்தில் பாடல்களைக் கட்டணமின்றிப் பகிர்வது பாடகரை அறிமுகப்படுத்தி வளர்க்கிறதா, அன்றி இசைத்தொகுப்புகளின் விற்பனையைக் கெடுக்கிறதா என்னும் வினா கால் நூற்றாண்டாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இவ்வினாவை இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் நின்று எழுப்பினால், வினாவின் வடிவமே மாறிவிடுகிறது என்பது நம் கருத்து.

மேலை நாட்டு விவாதம்

1999இல் அமெரிக்காவில் தோன்றிய நாப்ஸ்டர், ஒருவர் கணினியிலுள்ள பாடலை மற்றொருவர் நேரே எடுத்துக்கொள்ள வழிசெய்தது. இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கின் விளைவாக 2001இல் அது மூடப்பட்டது. ஆனால் வழக்கம் நிற்கவில்லை. இலவசப் பகிர்வே விற்பனை வீழ்ச்சிக்குக் காரணம் என நிறுவனங்கள் வாதிட்டன. ஓபர்ஹோல்ஸர்-கீ, ஸ்ட்ரம்ஃப் என்னும் இரு பொருளியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வோ, பகிர்வினால் தொகுப்பு விற்பனைக்கு ஏற்பட்ட பாதிப்பு கணக்கில் கொள்ளத்தக்க அளவினதன்று என்றது. லீபோவிட்ஸ் போன்றோர் அதனைக் கடுமையாக மறுத்தனர். வீழ்ச்சி நேர்ந்தது உண்மையே. 1999க்கும் 2014க்கும் இடையில் உலக ஒலிப்பதிவு வருவாய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. பின்னர் அது மீண்டெழுந்தது. பன்னாட்டு ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் அவ்வருவாய் 2,960 கோடி டாலர். அதில் 69 விழுக்காடு ஸ்ட்ரீமிங் சேவைகளிலிருந்து வந்தது.

இப்புள்ளிவிவரங்களைப் படிப்போர் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணக்கூடும். தீர்ந்தது நிறுவனங்களின் சிக்கல். பாடகரின் நிலை என்ன என்பதை அறிய வேறு இடத்தில் தேடவேண்டும்.

ஒலிநாடாக் காலத்தின் கணக்கு

இசைமுரசு நாகூர் இ. எம். ஹனிபா அவர்களின் (1925–2015) குரல் தமிழ் முஸ்லிம் இல்லங்களுக்குள் முதலில் இசைத்தட்டாகவும், பின்னர் ஒலிநாடாவாகவும் நுழைந்தது. அதற்கு முன்பே மேடை இருந்தது. மீலாது விழாக்கள், தர்கா கந்தூரிகள், திராவிட இயக்கப் பொதுக்கூட்டங்கள் ஆகியவற்றில் அவரைக் கேட்டவர்களே அவருடைய தட்டுகளை வாங்கினர். 1949 செப்டம்பர் 18 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடைபெற்ற இராபின்சன் பூங்கா இராயபுரத்தில்தான் உள்ளது. ஒலிபெருக்கி முன் பாடலும் பேச்சும் இணைந்து மக்களைத் திரட்டிய அப்பண்பாடு இப்பகுதியில் வேரூன்றியது. மேடை தட்டுக்கு விளம்பரமாயிற்று. தட்டு அடுத்த மேடைக்கு விளம்பரமாயிற்று. இவ்விரண்டில் பாடகரின் கைக்கு உறுதியாகப் பணம் வந்தது மேடையிலிருந்துதான்.

1980களில் ஒலிநாடா மலிந்தது. பதிவு செய்வதும் படியெடுப்பதும் எளிதாயின. மண்ணடியின் இஸ்லாமிய நூற்கடைகளில் நூல்களோடு ஒலிநாடாக்களும் விற்கப்பட்டன. சற்றுத் தொலைவில், பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காகத் துறைமுகத்தை ஒட்டி அமைந்த பர்மா பஜார், முதலில் வெளிநாட்டு ஒலிப்பதிவுக் கருவிகளுக்கும், பின்னர்த் திருட்டுக் குறுந்தட்டுகளுக்கும் பெயர் பெற்றது. 2004இல் தமிழக அரசு 'வீடியோ திருடர்'களையும் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. நடைபாதை வியாபாரிகள் பலர் சிறை சென்றனர். ஆனால் விற்பனை பெருகினாலும் திருட்டுக் குறைந்தாலும் பாடகருக்கு என்ன கிடைத்தது என்று அன்று கேட்டவர் சிலரே.

ஏனெனில், சிறு பாடகர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் பதிவு நாளன்று ஒரு தொகை கொடுத்து, எல்லா உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. நாடா ஆயிரம் விற்றாலும் இலட்சம் விற்றாலும் அத்தொகை மாறாது. கானாப் பாடகரின் நிலை இன்னும் எளிமையானது. இறந்தவர் வீட்டில் இரவு முழுதும் பாடும் மரண கானாவும், தெருக் கச்சேரியும் அவருடைய வருவாய். நாடா அவருக்கு ஒரு முகவரிச் சீட்டு. பின்னாளில் திரைப்படங்களில் புகழ்பெற்ற கானா பாலா, 2007க்கு முன்பு தனித்தொகுப்புகள் வெளியிட்டவர். 2012இல் 'அட்டகத்தி' வெளிவந்த பின்னரே தமிழகம் முழுதும் அறியப்பட்டார். கானா உலகநாதன் 2006இல் வெளியான 'சித்திரம் பேசுதடி' படப்பாடலால் அறியப்பட்டார். இருவருக்கும் பெயர் பெற்றுத் தந்தது திரைப்படமே; நாடா விற்பனையன்று.

ஆகவே, 'இணையப் பகிர்வு தொகுப்பு விற்பனையை அழித்துவிட்டது' என்னும் புலம்பலை வடசென்னைப் பாடகர் புலம்பவேண்டிய தேவை இல்லை. அவருக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் எவ்வாறு இழப்பார்? அழிந்தது பதிவு நிறுவனத்தாரின் ஆதாயமும் கடைக்காரரின் பிழைப்பும். இதனை ஒப்புக்கொண்ட பிறகே இணையத்தின் நன்மை தீமைகளை நேர்மையாக எடைபோட முடியும்.

பகிர்வு தந்ததும் தராததும்

நன்மையை முதலில் கூறுவோம். ஆண்களின் களமாகவே இருந்த கானாவில் இராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி என்னும் பெண் பாடிப் பெயர் பெற்றார். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சியை வழங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் பாடிய பாடல்கள் யூடியூப் வழியாகப் பரவின. 2020இல் பிபிசி நிறுவனம் வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார். ஒலிநாடா வியாபாரம் இத்தகைய ஒரு குரலை நம்பி முதலிட்டிருக்குமா என்பது ஐயமே. விளம்பரம் என்ற அளவில் இணையம் செய்த பணியை வேறு எதுவும் செய்திருக்க முடியாது.

இனிக் குறையைக் காண்போம். அதே குழுவில் பாடிய அறிவும், தீயும் சேர்ந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாயி எஞ்சாமி' 40 கோடிக்கும் மேற்பட்ட முறை யூடியூபில் பார்க்கப்பட்டது. நிலமற்ற உழைப்பாளிகளின் முன்னோரைப் பற்றிய பாடல் அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அப்பாடலிலிருந்து தமக்கோ பாடிய இருவருக்கோ வருவாய் எதுவும் வந்துசேரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாக அறிவித்தார். வெளியீட்டு நிறுவனமான மாஜா அக்குற்றச்சாட்டை மறுத்து விளக்கம் அளித்தது. வழக்கில் நியாயம் யார் பக்கம் என்று தீர்ப்புச் சொல்வது நம் பணியன்று. இத்தனை கோடிச் செவிகளை எட்டிய பாடலின் கணக்கே மூன்றாண்டுகளாகத் தெளிவுபடவில்லை என்றால், ஐயாயிரம் பேர் கேட்ட ஒரு கானாவின் கணக்கை யார் பார்ப்பார்கள் என்பதே நம் கவலை.

கணக்கின் அமைப்பைச் சற்று விளக்குவது நலம். ஸ்ட்ரீமிங் சேவைகள் பெரும்பாலும் ஒரு பாடலுக்கு இன்ன விலை என்று வைத்துப் பணம் தருவதில்லை. திரண்ட வருவாயை மொத்தக் கேட்புகளின் விகிதப்படி பிரித்து உரிமையாளருக்குத் தருகின்றன. உரிமையாளர் பெரும்பாலும் நிறுவனமே. பாடகருக்கு எவ்வளவு என்பதை அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் முடிவு செய்கிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபை சேவையில், முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத ஒலிப்பதிவுக்குப் பங்கு எதுவும் இல்லை. யூடியூபின் விளம்பர வருவாயில் பங்கு பெற, குறுங்காணொளிகளுக்கான தனி வரையறை நீங்கலாக, 1000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4000 மணிநேரப் பார்வையும் வேண்டும். இவ்வரம்புகள் பெரிய நிறுவனங்களுக்குப் பொருட்டல்ல. தண்டையார்பேட்டைச் சந்தில் கைப்பேசியில் பதிவுசெய்து ஏற்றும் இளைஞருக்கு இவை பெரிய மதில்கள்.

மற்றொரு முரணும் கருதத்தக்கது. திரையிசை பல ஆண்டுகளாகக் கானாவின் நடையையும் மெட்டையும் எடுத்தாண்டுள்ளது. தெருவில் பிறந்த மெட்டுக்குப் பதிவேடு இல்லாமையால் எவருக்கும் ஈடு கொடுக்கப்படவில்லை. ஆனால் திரைமெட்டில் ஒரு கானாவையோ இஸ்லாமிய கீதத்தையோ பாடி இணையத்தில் ஏற்றினால், தானியங்கிக் கருவி உடனே அதனைக் கண்டுபிடித்து வருவாயைத் திரையிசை உரிமையாளருக்குத் திருப்பிவிடக்கூடும். எழுதிவைத்தவரின் உரிமையை இயந்திரம் காக்கிறது. வாய்வழி மரபின் உரிமையை அது அறியாது.

மனமுவந்து அளித்த பாடல்கள்

இலவசப் பகிர்வே இழிவானது என்று இதனால் கொள்ளலாகாது. 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா பாடி, கபேர் வாசுகி எழுதிய 'சென்னை புறம்போக்குப் பாடல்' இணையத்தில் வெளியிடப்பட்டது. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் கெடுப்பதை அது பாடுகிறது. கருநாடக இசையின் இராகமாலிகை வடிவில் சென்னைப் பேச்சுத்தமிழை அமைத்தமை அதன் கலைச்சிறப்பு. தியாகராஜர் திருவொற்றியூர் அம்மன்மீது கீர்த்தனைகள் பாடிய அதே கரையில், அவ்விசை முதன்முறையாகச் சாம்பலில் நின்று மீனவரின் ஆற்றைப் பாடிற்று எனலாம். இப்பாடல் குறுந்தட்டாக விலைக்கு வந்திருந்தால் சபாக்களின் வாயிலோடு நின்றிருக்கும்.

இதற்கு முன், 2015இல், சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு பற்றிப் பாடிய ராப் பாடல் உலகெங்கும் பகிரப்பட்டது. தொழிலாளரின் நெடுநாள் போராட்டத்துக்கு அது புதிய கவனத்தைத் திரட்டியது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாடல் மட்டுமே அதனைச் சாதித்தது என்று கூறுவது மிகை. பாடலின்றி அவ்வளவு விரைவில் நேர்ந்திருக்குமா என்பதும் ஐயம்.

இவ்விரு பாடல்களிலும் விற்பனை நோக்கமே இல்லை. பாடியவர்கள் தாமே கொடையாக அளித்தார்கள். கானாப் பாடகரின் பாடலோ அவருடைய அடுப்பெரியக் காரணமானது. கொடையையும் கூலியையும் ஒரே தட்டில் வைத்து, 'எல்லாம் இலவசமாகப் பரவுவதே கலைக்கு நல்லது' என்று வாதிடுவோர் இவ்வேறுபாட்டை மறைக்கின்றனர். பரவச் செய்தவர் யார், யாருடைய நிய்யத்தினால் அது பரவியது என்பதே அளவுகோல்.

ஃபிக்ஹின் பார்வையில்

இசைக்கருவிகள் பற்றி நம் இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு அறிந்ததே. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஸமாவுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியுள்ளார்கள். அவ்விவாதத்துள் நாம் இங்கு நுழையவில்லை. கருவியே இல்லாத கீதத்தைப் பாடியவருக்கும் உழைப்பு உண்டு. உழைப்புக்குரிய நியாயமும் உண்டு.

பதிப்புரிமையை ஷரீஅத் ஏற்கிறதா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் நிலவின. அறிவைத் தடுத்துவைக்கலாகாது என்றும், தொட்டறிய இயலாத ஒன்று விற்பனைப் பொருளாகாது என்றும் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) போன்ற பெரியோர் கருதினர். அவர்தம் மைந்தரான முஃப்தி தகீ உஸ்மானி, வழக்காற்றில் மதிப்புப் பெற்றுவிட்ட உரிமையை ஏற்கலாம் என்னும் முடிவுக்கு வந்தார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப்பெயர் முதலியவை உரியவருக்குச் சொந்தமான, பொருள்மதிப்புள்ள உரிமைகள் என்றும், அவற்றை மீறலாகாது என்றும் தீர்மானித்தது.

இன்னும் அடிப்படையான இரண்டு நெறிகள் உள்ளன. உழைப்பவரின் வியர்வை உலருமுன் அவர் கூலியைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார்கள். மத்யன் நகர மக்களிடம் ஷுஐப் (அலை) அவர்கள், மனிதருக்கு உரியவற்றைக் குறைத்துவிடாதீர் என்று எச்சரித்ததைத் திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் நினைவூட்டுகிறது. இரண்டாவது வக்ஃபு பற்றியது. ஒருவர் தம் உடைமையை இறைவழியில் வக்ஃபு செய்யலாம். பிறர் உடைமையை வக்ஃபு செய்ய எவருக்கும் அதிகாரமில்லை. மஸ்தான் சாகிபு அவர்கள் தம் பாடல்களை மக்களுக்கு விட்டுச்சென்றார்கள் என்பதற்காக, இன்றைய ஏழைப் பாடகரின் பாடலை நாம் விட்டுக்கொடுக்க முடியாது. 'மார்க்கப் பாடல்தானே, பரவட்டும். நன்மை கிடைக்கும்' என்று கூறிப் பகிர்வோர், பிறர் பொருளில் தமக்கு நன்மை தேடுகின்றனர்.

நாட்டுச் சட்டமும் இப்போது ஓரளவு துணைநிற்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குரிய சமபங்கை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கவே இயலாதவாறு செய்தது. பாடகருக்கும் வணிகப் பயன்பாட்டில் பங்கு அளித்தது. ஒலிப்பதிவின் உரிமை வெளியான பின் 60 ஆண்டுகளில் முடிந்துவிடும். பாடலாசிரியரின் உரிமையோ அவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை வாரிசுகளுக்கு உண்டு. ஆகவே பழைய தட்டொன்று பொதுச்சொத்தாகிவிட்ட பின்னும், அதன் சொற்கள் ஓர் ஏழைக் குடும்பத்தின் உரிமையாகவே இருக்கக்கூடும். தம்மை ஆசிரியர் என அறிவிக்கும் உரிமையோ உரிமையை விற்ற பின்னும் எழுதியவரிடமே நிலைக்கிறது.

நம் பங்கு

நிறுவனங்களைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாகாது. 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலை அறியாத தமிழர் அரியர். அதனை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்? நாகூர் ஹனிபா அவர்களின் குரலுக்குப் பின்னே நின்ற புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் ஆகியோரின் பெயர்கள் நம் வாட்ஸ்அப் பகிர்வுகளில் எங்கே? கந்தூரிக்கும் திருமணத்துக்கும் பாடகரை அழைத்து, ஓர் இரவுக்கு மட்டும் பணம் கொடுத்து, அவரைக் கேளாமலே முழு நிகழ்ச்சியையும் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது நம் சமூகத்தில் குற்றமாகவே கருதப்படுவதில்லை. அதன் விளைவு, அடுத்த ஆண்டு அப்பாடகரை அழைக்கவேண்டிய தேவையே குறைகிறது. மேடையே அவருக்கு எஞ்சியிருந்த வருவாய் என்று முன்னர்க் கூறினோம். அதனையும் பகிர்வு தின்றுவிடுமாயின், விளம்பரம் என்பது எதற்கு விளம்பரம்?

இஸ்னாத் இன்றி ஒரு செய்தியை ஏற்காத மரபு நம்முடையது. யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் சங்கிலியைப் பேணுவதற்காக நம் முன்னோர் தேசம் விட்டுத் தேசம் நடந்தார்கள். அம்மரபினர், எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும் அற்ற பாடலைக் கைமாற்றுவது பொருந்துமா? பாடலை அனுப்பும்போது அவ்விரு பெயர்களையும் சேர்த்தனுப்புதல், கூடுமானால் பாடகரின் சொந்தப் பக்கத்திலிருந்தே அதனைப் பகிர்தல், பதிவுசெய்யுமுன் இசைவு கேட்டு அதற்கும் சேர்த்துக் கூலி பேசுதல், ஜமாஅத்துகளும் கந்தூரிக் குழுக்களும் அதனை எழுத்தில் வைத்தல் — இவற்றுள் எதுவும் கடினமானதன்று. நம் பதிப்பாளர்களும் பாடலாசிரியர்களின் வாரிசுகளைத் தேடிக் கண்டு, உரிமை அமைப்புகளில் பதிவுசெய்ய உதவலாம்.

மஸ்தான் சாகிபு அவர்களின் அடக்கத்தலம் அமைந்த அதே இராயபுரத்தில் இன்றும் ஓர் இளைஞர் இரவு முழுதும் பாடிவிட்டு, விடிந்ததும் வேலைக்குச் செல்கிறார். அவர் பாடல் நாம் உறங்கும்போதே வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் சென்றுவிடுகிறது. பெயரையும் கூலியையும் அதனோடு சேர்த்தனுப்பும் கடமை, கேட்டு மகிழ்ந்த நம்மிடம் அமானிதமாக இருக்கிறது.